ஆறுச்சாமியின் இடது காது

நாற்பத்து மூன்றாவது நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. இனி தாரணி பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போவாள், அப்புறம் விரல்கள், அப்புறம் போட்டி நடந்த கல்யாண மண்டபத்தின் வாசல், அப்புறம் என்னுடைய ஷாட். திரையைப் பார்க்காமலே சொல்வேன், சத்தத்தை வைத்தே சொல்வேன். நான் திரையைப் பார்க்கவில்லை. எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆறுச்சாமியின் இடது காதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரிய காது. விளிம்பில் நாலைந்து நரைமுடி. திரையில் வெளிச்சம் மாறும்போதெல்லாம் காதும் நீலமாகிறது, மஞ்சளாகிறது, மறுபடி நீலம். அவருக்கு வலப்பக்கம் ஒரு காலி நாற்காலி, அதில் அவருடைய ஹெல்மெட். அதற்கு அடுத்த நாற்காலியில் தாரணி. அப்பாவும் மகளும் நடுவில் ஹெல்மெட்டை உட்காரவைத்துக்கொண்டு படம் பார்க்கிறார்கள். ஒன்றரை வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. அவர் வாங்கிக்கொடுத்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவள் வீடியோ கேம் ஆடப்போன நாளிலிருந்து வீட்டில் எல்லாப் பேச்சும் அம்மா வழியாகத்தான். இன்றைக்கு அந்த அம்மாவும் வரவில்லை. காந்திபுரத்தில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவின் மாடி, இருபது நாற்காலி, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணி. கதவோரம் எட்வின் நின்றுகொண்டிருக்கிறான். படம் அவன் எடுத்தது, டைரக்டர். ஆனால் படத்தில் இருக்கிற ஒவ்வொரு பிம்பமும் என் கண் வழியாக வந்தது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை.

பதினெட்டு வருடம் கல்யாண வீடியோ எடுத்தவள் நான். கோகிலவாணி என்றால் தெரியாது, மண்டபத்துக் கேமரா அக்கா என்றால் பொள்ளாச்சி வரைக்கும் தெரியும். எனக்குத் திமிர் என்பார்கள் சொந்தக்காரர்கள், இருந்துவிட்டுப் போகட்டும், முகூர்த்த நேரத்தில் முன்னால் வந்து நிற்கிற சித்தப்பாக்களைத் தோளைப் பிடித்துத் தள்ளத் திமிர் வேண்டும்தான். எட்வின் சென்னையிலிருந்து வந்து, கோயமுத்தூரில் வீடியோ கேம் ஆடுகிறவர்களைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி, நீங்கள் கேமரா செய்கிறீர்களா அக்கா என்று கேட்டபோது, இதென்ன பிரமாதம், ஆடுகிறவளையும் டிவியையும் மாற்றி மாற்றி எடுத்தால் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். முதல் வாரம் எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் டிவிக்குள் ஒரு கறுப்புப் பட்டை மேலிருந்து கீழாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. டிவி ஒரு வேகத்தில் மின்னுகிறது, என் கேமராவின் ஷட்டர் வேறு வேகத்தில் திறக்கிறது. இரண்டையும் ஒத்துப்போக வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. ட்யூப்லைட்டோடு பதினெட்டு வருடம் மல்லுக்கட்டியவளுக்கு இது தெரியவில்லை. ஆறு நாள் வேலை குப்பை. எட்வின் திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லி மனசை ஆற்றியிருப்பேன், அவன் பரவாயில்லை அக்கா என்றான், அதுதான் சுட்டது. ஆனால் அந்தக் குப்பையில் ஒரே ஒரு துண்டு நன்றாக இருந்தது. பேட்டரி மாற்றுவதற்காகக் கேமராவை டிவிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு எழுந்தபோது நிறுத்த மறந்து அது பாட்டுக்கு எடுத்த துண்டு. அதில் டிவி இல்லை. தாரணியின் முகம் மட்டும். வேறு விளக்கு கிடையாது, கேமிலிருந்து வருகிற வெளிச்சம்தான் முகத்தில். அடி வாங்கினால் முகம் சிவக்கிறது, தப்பித்தால் பச்சை, கண் இமைப்பதே இல்லை. இதையே படம் முழுக்கச் செய்தால் என்ன என்று நான்தான் கேட்டேன். விளையாட்டைக் காட்டவே வேண்டாம், விளையாடுகிறவள் முகத்தில் விளையாட்டு தெரிகிறதே. எட்வின் அந்தத் துண்டை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தான். பிறகு, கடைசியில் ஒரு தடவை காட்டுவோம் அக்கா, அவள் ஃபைனலில் ஜெயிக்கிற இடத்தில் முதல்முறையாக டிவியைக் காட்டுவோம், அதுவரைக்கும் மூடியே வைப்போம் என்றான். அப்படித்தான் முடிவாயிற்று. அப்படி நடக்கவில்லை.

பஸ் ஹாரன். தூங்குகிறாள். பஸ் திருச்சி ரோட்டில் திரும்பும்போது அவள் தலை ஜன்னலில் இடிக்கும், விழிக்கமாட்டாள். இடித்தது. ஆறுச்சாமியின் தலை லேசாக அசைந்தது, காது ஒரு விரற்கடை வலப்பக்கம் நகர்ந்தது, மகளைப் பார்க்கத் திரும்பினாரோ, இல்லை, நேராகிவிட்டது. இந்தப் படத்துக்கு எங்களிடம் ஒரு விதி உண்டு. படத்தில் முகம் வந்தவர்களுக்குத்தான் முதல் நாற்காலி. அவர்கள் பார்த்து, இந்த இடம் வேண்டாம் என்று சொன்னால் கேள்வி கேட்காமல் எடுத்துவிட வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஒருவர் அறியாமல் எடுத்தது ஏதாவது இருந்தால், காட்டுவதற்கு முன்னாலேயே, எடுத்தவரே அவரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டாவதைக் கொண்டுவந்ததே நான். பீளமேட்டில் ஒரு கல்யாணத்தில், இரண்டு பந்தியில் சாப்பிட்டுவிட்டு மூன்றாவது பந்தியிலும் உட்கார்ந்திருந்த ஒரு மாமாவை வேடிக்கையாக இருக்கிறதே என்று எடுத்துப் பாட்டு வைத்துக் கேசட்டில் சேர்த்தேன். அந்த வீட்டில் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுச் சிரித்தார்கள். அந்த மனிதர் அதற்குப்பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை என்று நாலு வருடம் கழித்துக் கேள்விப்பட்டேன். எட்வினிடம் அதைச் சொன்னபோது அவன் உடனே விதியாக எழுதிவைத்தான். அந்த விதியை நானே மீறிவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அக்கா, ஆறுச்சாமி ஐயாகிட்ட அந்த ஷாட்டைப் பத்திச் சொல்லிட்டீங்களா என்று புதன்கிழமை கேட்டான். சொல்லிட்டேன் எட்வின், ஒண்ணும் பிரச்சினை இல்லை என்றேன். சொல்லவில்லை. கம்பெனி கேட் வரைக்கும் போனேன். ஷிஃப்ட் முடிந்து டிஃபன் பாக்ஸோடு வெளியே வந்தார், என்னம்மிணி இந்தப் பக்கம் என்றார். சும்மாதானுங்க, ஞாயித்துக்கிழமை மறக்காம வந்துருங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். சொன்னால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்றால் என் ஷாட் போய்விடும். வேறு காரணமெல்லாம் இல்லை, இருட்டில் எனக்கு நானே எதற்குச் சமாதானம் சொல்ல.

விரல்கள் வந்துவிட்டன. இந்த இடத்தில் இசை கிடையாது, கன்ட்ரோலர் பட்டன்களின் சத்தம் மட்டும். மேஜைக்கு அடியில் சின்ன மைக்கை ஒட்டிவைத்துப் பதிவு செய்தது, அதுவும் நான் சொன்ன யோசனைதான், நாதஸ்வரத்துக்கு மைக் வைக்கத் தெரிந்தவளுக்கு இது கஷ்டமா. இடது கை ஒரு கணக்கில் போகிறது, வலது கை வேறு கணக்கில். படத்தின் முதல் பத்து நிமிடத்தில் ஆறுச்சாமியின் கைகளும் இப்படித்தான் வரும், லேத் மிஷினில் இரண்டு கையும் இரண்டு சக்கரத்தை வெவ்வேறு வேகத்தில் சுற்றும். இரண்டையும் ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில் கேமரா வைத்து எடுத்தேன். யாரும் வாயைத் திறந்து இவளுக்கு இவர் கை என்று சொல்லவேண்டியதில்லை. அவரைத் தவிர யாருக்கும் அது புரியும். அவருக்கும் புரிந்திருக்குமோ. காது அசையவில்லை. பேட்டி எடுத்தபோது அந்த லேத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்துத்தான் எட்வின் கேட்டான், உங்க பொண்ணு ஆடறதை ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா ஐயா. கூட வேலை செய்கிறவர்கள் சுற்றி நின்றிருந்தார்கள். அவர் சிரித்தார். "அந்தக் கெரகத்த நான் ஒரு நாளும் கண்ணால பாத்ததில்லீங். பாக்கோணும்னு தோணுனதுமில்லீங்." சொல்லிக்கொண்டே வலது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் இடது காது மடலைப் பிடித்து மெல்ல நீவினார். ஃபைனல் முடிந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. அவர் பொய் சொல்கிறார் என்று அந்த இடத்தில் தெரிந்த ஒரே ஆள், கேமராவுக்குப் பின்னால் நின்ற நான். ஃபோகஸைக் கூட நான் அசைக்கவில்லை. காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஆனால் அந்தக் காதை அன்றைக்கு நன்றாகப் பார்த்துவைத்துக்கொண்டேன்.

இதோ மண்டபத்து வாசல். வாழைமரம்கூட அப்படியே இருக்கிறது, முதல் நாள் நடந்த கல்யாணத்தின் வாழைமரம். உள்ளே மணமேடையில் இரண்டு டிவி, இரண்டு நாற்காலி. எனக்குப் பழகிய இடம், எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றால் எது தெரியும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். அன்றைக்கு எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. ஷட்டரை ஒத்துவைத்துக்கொண்டு டிவியை விட்டு நகரக்கூடாது. படம் முழுக்க மூடிவைத்ததைத் திறக்கப்போகிற நிமிடம். மூன்று ரவுண்டில் ஆளுக்கு ஒன்று ஜெயித்திருந்தார்கள், மூன்றாவது ரவுண்டு ஆரம்பித்தது, ஷட்டர் கச்சிதம், பட்டை இல்லை. அப்போது என் இடது கண், கேமராவில் வைக்காத கண், ஒரு ஆளைப் பார்த்தது. சாப்பாட்டு ஹாலுக்குப் போகிற கதவோரம், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், கம்பெனியின் நீலச் சட்டையோடு ஆறுச்சாமி. இடது கையில் ஹெல்மெட்டை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார். வலது கையின் கட்டைவிரல் ஹெல்மெட்டின் மேல் அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு, இரண்டு தரம் வேகமாக, ஒரு தரம் நிதானமாக. கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இல்லாத பிரேக்கை மிதிப்பாரே, அப்படி. வாய் லேசாகத் திறந்திருந்தது. கல்யாணத்தில் கேமராவைத் திருப்புவதற்கு யாரையும் கேட்கமாட்டோம், கை தானாகத் திரும்பும். திரும்பியது. டிவியை விட்டேன், மேடையை விட்டேன், நாலு நிமிடம் பதினொரு விநாடி, வெட்டு இல்லாமல், ஆட்டம் இல்லாமல், அந்தக் கட்டைவிரலும் அந்த முகமும். தாரணி ஜெயித்தாள். மண்டபமே கத்தியது. அவர் கத்தவில்லை. ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினார், மண்டபத்துக்கு உள்ளேயே, ஃபேனுக்கு அடியில், கண்ணாடியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரோரமாக நடந்து வெளியே போனார். எட்வின் நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாவது நாள் போன் செய்தான். அக்கா, பாத்துட்டேன் என்றான். எனக்கு அது போதும். என் நாற்பத்து மூன்று வயதில் நான் செய்த காரியங்களில் இதைத்தான் காரியம் என்பேன். ஜெயித்த இடத்தைப் போட்டி நடத்தியவர்கள் பதிவு செய்துவைத்திருக்கிறார்கள், அதைச் சேர்த்து இன்னொரு மாதிரியும் தொகுத்துத் தயாராக இருக்கிறது. அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் செவ்வாய்க்கிழமை அந்தப் படம்தான் வெளியே போகும். என்னுடையது டப்பாவுக்குள் போகும்.

வந்துவிட்டது. மண்டபத்துக் கூச்சல் மெல்ல அடங்குகிறது, பட்டன் சத்தம் மட்டும் மேலே ஏறுகிறது. தொகுப்பில் நாங்கள் செய்த ஒரே வேலை இதுதான், அவர் கட்டைவிரலின் மேல் அவள் பட்டன்களின் சத்தத்தை ஏற்றியது. நான் திரையைப் பார்க்கமாட்டேன். காது வெள்ளையாக இருக்கிறது, மண்டபத்து ட்யூப்லைட் வெளிச்சம். அசையவில்லை. கழுத்து அசையவில்லை. மூச்சு விடுகிறாரா. எழுந்து போய்விட்டால், போய்விட்டால் நான் ஓடிப்போய்ப் படிக்கட்டில் நிறுத்தி என்ன சொல்வேன். இந்த மனிதர் ஒன்றரை வருடம் கட்டிக்காத்த ஒன்றை, அவர் தன் வாயால் என்றாவது ஒருநாள் மகளிடம் சொல்லியிருக்கக்கூடியதை, நான் திரை போட்டுச் சொல்லிவிட்டேன். நன்றாக எடுத்தேன் என்பதற்காக. பந்தியில் உட்கார்ந்த மாமாவும் நன்றாகத்தான் வந்திருந்தார், ஃபோகஸ் துல்லியம். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். தாரணி, அவளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது, பார்த்தேன். அவள் முகத்தைப் பக்கவாட்டில் எனக்குத் தெரியும், ஐந்து மாதம் பார்த்த முகம், கண் இமைக்காத முகம். இமைத்துக்கொண்டே இருந்தாள். இருந்தாலும், கடவுளே, இருந்தாலும் இது நல்ல ஷாட். வெட்கம் ஒருபக்கம் இருக்க எனக்குள் ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்து பார் பார் என்கிறாள், அவளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மண்டபம் கத்துகிறது. ஜெயித்துவிட்டாள். திரையில் இப்போது அவர் ஹெல்மெட்டை மாட்டுவார். எனக்கு முன்னால் ஆறுச்சாமியின் வலது கை நாற்காலியின் கையை விட்டு இறங்கி, பக்கத்துக் காலி நாற்காலியில் ஹெல்மெட்டைத் தேடியது. துழாவியது. அங்கே இல்லை. தாரணி அதை எப்போது எடுத்தாளோ, அவள் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். கொடுக்கவில்லை. அவர் கை சிறிது நேரம் வெறும் நாற்காலியின் மேலேயே கிடந்தது.

மீதிப் படம் எப்படி ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எட்வின் விளக்கைப் போட்டான். பேப்பரும் பேனாவுமாக முன்னால் வந்து நின்று, விதிப்படி கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டான்.

"ஐயா, எந்த இடமாவது வேண்டாம்னா தயங்காம சொல்லுங்க. எடுத்துடறோம்."

ஆறுச்சாமி முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. தொண்டையைச் செருமினார். "ஒரே ஒரு எடமுங்க."

நான் எட்வின் கையிலிருந்த பேனாவைப் பார்த்தேன்.

"புள்ள கெலிச்ச எடத்துல எதுக்குங்க என்ர மூஞ்சியக் காட்டறீங்க? அத்தன நேரம் அவ கஷ்டப்பட்டு ஆடறா. கெலிக்கறப்ப அவளயத்தானுங்க காட்டோணும். நானென்ன கெலிச்சனா?"

நாலு நிமிடம் பதினொரு விநாடியில் நான் யாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. எட்வின் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நானே கேட்டிருக்கலாம். அவர் சொல்வது சரி என்று தோன்றியது, அவ்வளவு கோபம் வந்தது எனக்கு, அவர்மேல் இல்லை.

தாரணி ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அவள் அவரிடம் பேசி நான் கேட்பது இதுதான் முதல் தடவை.

"அது இருக்கட்டுமுங்கப்பா. நான் கெலிச்சத நானே பாத்துட்டேன். நீங்க பாத்ததத்தான் நான் பாக்கல."

அவர் கீழே குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல எதையோ செய்தார், செருப்பு சரியாகத்தான் இருந்தது. எட்வின் பேனாவை மூடினான், திறந்தான். பாவம், அவன் ஒழுங்கானவன், எல்லாவற்றையும் கேட்டுவிடுவான்.

"கோகிலாக்கா உங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டாங்கல்ல ஐயா? இப்படி ஒரு ஷாட் இருக்குன்னு?"

ஆறுச்சாமி நிமிர்ந்தார். நாற்காலியில் பாதி திரும்பி என்னைப் பார்த்தார். கம்பெனி கேட்டில் டிஃபன் பாக்ஸோடு என்னம்மிணி இந்தப் பக்கம் என்று கேட்ட அதே பார்வை, அன்றைக்கு எதற்கு வந்தேன் என்று இப்போது அவருக்குப் புரிந்துவிட்டது. இல்லை என்று நானே சொல்லிவிடலாம் என்று எழப்போனேன். அவர் எட்வின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொன்னாங்க, சொன்னாங்க. கம்பெனி கேட்டுக்கே வந்து வெவரமாச் சொன்னாங்க. நாந்தான் இருக்கட்டும்னேன்."

சொல்லிக்கொண்டே வலது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், இடது காது மடலைப் பிடித்து மெல்ல நீவினார்.